மாமாவின் காலில் மருமகனின் சப்பாத்து

அத்தியாயம் 11

பார்சல் வெள்ளிக்கிழமை வரும் என்றுதான் கொழும்புக் கடைக்காரர் சொல்லியிருந்தார். அது வியாழன் காலை எட்டேகாலுக்கே வந்து நின்றது.

சாய்ந்தமருதில் கூரியர்காரர்கள் வீட்டு இலக்கத்தைப் பார்ப்பதில்லை. வீட்டுக்காரரின் பெயரைத்தான் பார்ப்பார்கள். கல்யாணம் முடித்து நான்கு மாதமாக அந்த வீட்டில் இருந்தாலும், இன்ஸாப்பை இன்ஸாப்பாகத் தெரிந்தவர்கள் அந்தத் தெருவில் இரண்டு பேர்கூட இல்லை. மருதமுனையிலிருந்து பெண் வீட்டுக்கு வாழ வந்தவன், 'றஸாக்கிட வீட்டு மாப்பிள்ளை', அவ்வளவுதான். காஸ் சிலிண்டருக்குச் சொன்னாலும் கோழி இறைச்சிக்குச் சொன்னாலும் மாமனாரின் பெயரைச் சொன்னால்தான் பொருள் வந்து சேரும். அந்தப் பழக்கத்தில்தான் கொழும்புக்குப் போன் எடுத்த அன்றும் 'றஸாக், பள்ளி வீதி' என்று சொல்லிவிட்டான். வெள்ளிக்கிழமை காலையில் தானே வாசலில் நின்று வாங்கிக்கொள்ளலாம் என்பது அவன் கணக்கு.

வியாழன் காலையில் அவன் கல்முனையில் தன் மோட்டார் சைக்கிள் கராஜில் இருந்தான். வாசலில் நின்றவர் றஸாக்.

பெட்டியில் தன் பெயர் இருந்ததால் அவர் கையெழுத்துப் போட்டார். தன் பெயர் இருந்ததால் பெட்டியையும் திறந்தார்.

உள்ளே முழங்கால் உயரத்துக்கு ஒரு சோடி சப்பாத்து. கறுப்பும் செம்மஞ்சளும். முன்பக்கம் முழுக்க இரும்பு போல் கனத்த பிளாஸ்டிக் தகடு, காலுக்கு நான்கு கொளுக்கி. தட்டிப் பார்த்தார், கதவைத் தட்டுவது போல் சத்தம் வந்தது.

சாப்பாட்டு மேசையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த மகள் நுஸ்ஹாவின் சிவப்புப் பேனா அப்படியே நின்றது. இந்த வீட்டில் அந்தச் சப்பாத்து என்னவென்று தெரிந்த ஒரே ஆள் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை ஒலுவில் கடற்கரையில் நடக்கப்போகும் மோட்டோகுரொஸ் என்னும் மோட்டார் சைக்கிள் போட்டிக்கு இன்ஸாப் இரகசியமாகப் பெயர் கொடுத்திருந்ததும், திங்கட்கிழமை நடந்த முன்பரிசோதனையில் அவனுடைய பழைய சப்பாத்தின் அடி பிளந்திருப்பதைக் கண்டு, புதிது இல்லாமல் வரவேண்டாம் என்று போட்டி நடத்துபவர்கள் திருப்பி அனுப்பியதும் அவளுக்குத் தெரியும். வாப்பாவுக்குத் தெரியாது. உம்மாவுக்கு அறவே தெரியாது.

"மருமகன்தான் எடுத்திருக்கார்" என்றார் றஸாக், பெட்டியில் ஒட்டியிருந்த துண்டில் அனுப்பச் சொன்னவரின் தொலைபேசி இலக்கத்தைப் பார்த்து. 

மருமகன் தனக்காக எடுத்தது என்று அவர் போட்ட கணக்கில் பிழை சொல்ல முடியாது. போன கிழமை வயல் வரம்பில் தண்ணீர் விடும் வக்கடையைத் திறக்கக் குனிந்தபோது ஒரு கண்ணாடி விரியன் அவருடைய வெறுங்காலுக்கு ஒரு சாண் தள்ளி ஊர்ந்து போனது. அதை இரவுச் சாப்பாட்டில் சொன்னபோது, இனி வெறுங்காலோடு வரம்பில் இறங்க வேண்டாம், நல்ல சப்பாத்து ஒன்று போடுங்கள் என்று சொன்னது இன்ஸாப்தான். சொன்னான், மறந்துவிட்டான். றஸாக் மறக்கவில்லை.

றஸாக்கின் மனைவி சுபைறா குசினியிலிருந்து முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்தார். தகடு, கொளுக்கி, உயரம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, பாம்பு கொத்தினால் பாம்பின் பல்தான் போகும் என்று தீர்ப்புச் சொன்னார். மருமகனைப் பற்றி இந்த நான்கு மாதத்தில் அவர் சொன்ன முதல் முழுப் பாராட்டு அதற்குப் பின்னால் வந்தது.

"பெத்த புள்ள இருந்தாலும் இப்படி யோசிச்சிருக்குமா தெரியா."

நுஸ்ஹா பேனாவை மூடி வைத்தாள். அது இன்ஸாப்புடையது என்று சொன்னால் அடுத்த கேள்வி எதற்கு என்று வரும். எதற்கு என்று சொன்னால், கல்யாணப் பதிவான காவின் எழுதிய அன்று அவன் கொடுத்த வாக்கு வந்து நடுவில் நிற்கும்.

"வாப்பா, அளவு சரி இல்லாட்டி மாத்தலாம், போடாம வைங்க" என்று மட்டும் சொல்லிப் பார்த்தாள்.

அளவு சரியாக இருந்தது. மாமனுக்கும் மருமகனுக்கும் ஒரே கால். கல்யாணம் முடிந்த முதல் கிழமையே பள்ளிவாசலில் இருவரும் செருப்பு மாறிப் போட்டுக்கொண்டு வந்தவர்கள்.

றஸாக் எட்டுக் கொளுக்கியையும் பூட்டி எழுந்து நின்றார். கணுக்கால் மடியவில்லை. இரண்டு கால்களையும் பலகை வைத்துக் கட்டியது போல் முற்றத்தில் ஒரு சுற்று நடந்தார். மாபிள் தரையில் மட்டும் ஏறவேண்டாம், இப்போதுதான் கழுவினேன் என்றார் சுபைறா. பிறகு றஸாக் தன் பழைய மோட்டார் சைக்கிளில் ஏறினார். சப்பாத்தின் முனை கியர்க் கட்டைக்குக் கீழே போகவே மறுத்தது. குனிந்து கையால் ஒரு தரம் போட்டுவிட்டு, சம்மாந்துறை வயல் வட்டை வரைக்கும் இரண்டாம் கியரிலேயே போனார்.

அன்று காலை பிரதான வீதியில் அவருக்குப் பின்னால் நின்ற பஸ்காரர் எத்தனை தரம் ஹோன் அடித்தார் என்று மூன்று பேர் தனித்தனியாக இன்ஸாப்புக்குச் சொன்னார்கள்.

*

நுஸ்ஹாவின் அழைப்பு வந்தபோது இன்ஸாப் ஒரு எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தான்.

"உங்கட சப்பாத்து வந்திட்டு."

"நாளைக்கெண்டல்லோ சொன்னான். எங்க கெடக்கு?"

"வட்டையில."

"வட்டையிலயா?"

"வாப்பாட கால்ல."

அவனுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அவள் முழுக்கச் சொல்லி முடித்தபோது சிரிப்பு நின்றிருந்தது. அடுத்ததாக அவன் மனதில் எழுந்தது, வெட்கத்துடன் சொல்ல வேண்டியது, வாக்கைப் பற்றிய நினைவல்ல. சேற்றைப் பற்றியது. கொளுக்கிக்குள் வயல் சேறு போய்க் காய்ந்தால் ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் பூட்டாது.

கராஜைப் பக்கத்துக் கடைக்காரரிடம் பார்க்கச் சொல்லிவிட்டுப் புறப்பட்டான்.

கச்சான் காற்று முகத்தில் அடித்தது. ஆவணி வெயிலில் வீதி மினுங்கியது. வழி நெடுக அவனுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. காவினுக்கு முன்னால் றஸாக் அவனைத் தனியாகக் கூப்பிட்டு ஒரே ஒரு விடயம்தான் கேட்டார். சீதன வீட்டைப் பற்றியோ வருமானத்தைப் பற்றியோ அல்ல. 'இந்த ரேஸ் ஓடுறது இனியும் இரிக்கா?' அவன், விட்டுட்டன் மாமா என்றான். அவர் அதற்கு மேல் ஒரு சொல் கேட்கவில்லை.

அன்று அது உண்மை. எட்டு வருடமாக அவன் ஓடியதெல்லாம் தூரத்து ஊர்களில். முந்தின நாள் இரவே லொறியில் மோட்டார் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போய், பாஷை பாதி புரியாத சனத்துக்கு முன்னால் ஓடி, மறுநாள் காலையில் திரும்பி வருவான். அவன் ஓடியதை மருதமுனையில் ஒருவரும் கண்டதில்லை. விடுவது கஷ்டமாகவும் இருக்கவில்லை. பிறகு இரண்டு மாதத்துக்கு முன், ஒலுவில் மணலில் மேடு கட்டத் தொடங்கினார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாகப் போட்டி அவன் கடற்கரைக்கே வந்தது.

*

அவன் பயந்தது போல் சேறு இல்லை. அறுவடைக்கு இரண்டு கிழமை இருந்தது. தண்ணீர் வடிக்கும் நாள். றஸாக் வரம்பு மேலேயே நடந்தார். வயலுக்குள் இறங்க வேண்டிய இடத்தில் வேறு ஆளை இறக்கினார். பரிசாக வந்ததில் சேறு பட அவருக்கு மனமில்லை.

அவரைச் சுற்றி நான்கைந்து பேர் நின்றார்கள். வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை ஸஹீத் குந்தியிருந்து மண்வெட்டிப் பிடியால் சப்பாத்தின் தகட்டைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"நோகுதா?"

"இல்ல."

இன்னும் பலமாகத் தட்டினார். "இப்ப?"

"உங்கட மண்வெட்டிப் புடிக்குத்தான் நோகும்" என்றார் றஸாக். எல்லோரும் சிரித்தார்கள்.

இன்ஸாப்பைக் கண்டதும் ஸஹீத் எழும்பி, தனக்கு ஒன்பதாம் அளவில் ஒரு சோடி, தம்பிக்கு எட்டில் ஒரு சோடி என்று சொல்லி வைத்தார். வேறொருவர், விரியனுக்கு என்றே செய்கிறார்களா என்று விசாரித்தார். இன்ஸாப் பொதுவாகத் தலையை ஆட்டினான்.

அவன் கண் வேறு இடத்தில் இருந்தது. மாமனார் வரம்பில் ஏறும்போது கணுக்காலுக்கு மேலே சப்பாத்தில் ஒரு மடிப்பு விழுந்தது. மெல்லிய கோடு. இந்தச் சப்பாத்துகளைப் பழக்குவதுதான் ஓடுவதைவிடப் பெரிய வேலை. புதிதில் கணுக்கால் மடியாது, கியர் எங்கே பிரேக் எங்கே என்று பாதத்துக்குத் தெரியாது. பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் நடந்து, ஏறி, இறங்கி, குந்தித்தான் அதை மடிய வைக்க வேண்டும். அதை இரண்டே நாளில், வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல், எங்கே நடந்து பழக்குவது என்று இரண்டு இரவாக அவன் யோசித்திருந்தான்.

இங்கே அது தானாக நடந்துகொண்டிருந்தது.

"மாமா, வரம்பில ஏறி ஏறி இறங்குங்க. அப்பதான் பழகும்."

றஸாக் ஏறி இறங்கினார்.

"கொஞ்சம் குந்தியும் பாருங்க."

குந்தியும் பார்த்தார். மடிப்பு ஆழமானது.

அந்த நேரம் நுஸ்ஹா மறுபடி போன் எடுத்தாள். சப்பாத்தைத் திருப்பி வாங்கிவிட்டீர்களா என்று கேட்டாள். அவன் ஒரு பக்கமாக ஒதுங்கிப் போய், இன்னும் இரண்டு மணித்தியாலம் நடந்தால் வலது கால் சரியாகிவிடும், பின்னேரம் மெதுவாகச் சொல்லலாம் என்றான்.

 அவள் மிக மெதுவாகக் கேட்டாள்.

"என்ட வாப்பாட கால்ல உங்கட சப்பாத்தப் பழக்குறீங்களா?"

"அப்படி இல்ல நுஸ்ஹா..."

"அப்படித்தான். பின்னேரம் அசருக்குப் பாங்கு சொல்றத்துக்குள்ள நீங்க சொல்லுங்க. இல்லாட்டி நான் சொல்லுவன்."

போனை வைத்துவிட்டாள். தாள் திருத்தும்போது அவள் எப்படிப் பிழைக் குறி போடுவாள் என்று அவனுக்கு இப்போது தெரிந்தது.

*

பகல் லுஹர் தொழுகைக்கு றஸாக் வாய்க்காலடியில் சப்பாத்தைக் கழற்றினார். இன்ஸாப் தள்ளி நின்றான். அவர் வுழூச் செய்யக் கால் கழுவ நீட்டியபோது இரண்டு குதிகாலிலும் தோல் உரிந்து சிவந்து கிடந்தது. ஐம்பத்தெட்டு வருடம் வெறுங்காலோடு வயலில் நடந்த கால். தண்ணீர் பட்டதும் அவர் முகம் சுருங்கியது. மருமகன் பார்ப்பதைக் கண்டதும் நிமிர்ந்துகொண்டார்.

தொழுது முடிந்து, வயலோரக் குடிலான வாடியில் ஸஹீதோடு சோற்றுப் பொதியைப் பிரித்தார்கள். சாப்பிட்டதும் றஸாக் பழைய சாரன் துணி ஒன்றை இரண்டாகக் கிழித்துக் குதிகாலில் சுற்றினார். பிறகு சப்பாத்தை இழுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"மாமா, காணும். கழட்டி வைங்க இண்டைக்கு."

"பழகிடும்" என்றார் அவர். "நான் எல்லாருக்கும் உடுப்பு எடுத்திருக்கன், செருப்பு எடுத்திருக்கன். எனக்கெண்டு ஆரும் ஒண்டும் எடுத்ததில்ல மருமகன். வாங்கித் தந்தத முதல் நாளே கழட்டி வைச்சா நல்லாவா இரிக்கும்?"

முதல் கொளுக்கியைப் பூட்டினார்.

இன்ஸாப் எழுந்து அவருக்கு முன்னால் வந்து குந்தினான். அவர் கை இரண்டாம் கொளுக்கிக்குப் போகுமுன் அதைப் பிடித்தான்.

"இது உங்களுக்கு எடுத்தது இல்ல மாமா."

றஸாக் அவனைப் பார்த்தார்.

"எனக்கு எடுத்தது. ஞாயித்துக்கிழமை ஒலுவில்ல ரேஸ் ஒண்டு இரிக்கி. பேர் குடுத்திருக்கன். பார்சல் உங்கட பேருக்கு வந்திட்டு. நீங்க இப்படி நினைப்பீங்க எண்டு நான் நினைக்கல்ல. காலையிலயே சொல்லியிருக்கணும். சப்பாத்து மடியிறதப் பாத்துட்டுச் சும்மா நிண்டுட்டன்."

வாடிக் கூரையில் காற்று கிடுகை உரசிக்கொண்டிருந்தது. ஸஹீத் எதையோ தேடுவது போல் எழும்பி வெளியே போனார்.

"காவின் அண்டைக்கு என்ன சொன்னீங்க?"

"விட்டுட்டன் எண்டு."

"அது பொய்யா?"

"அண்டைக்கு உண்மை மாமா. ஒலுவில்ல மணல் கொட்டத் தொடங்கின பொறகுதான் பொய்யாப் போச்சு."

றஸாக் பூட்டிய கொளுக்கியைத் திறந்தார். காலை வெளியே எடுத்தார். இரண்டு சப்பாத்தையும் சேர்த்து வாடியின் தூணோரம் வைத்துவிட்டு, துணி சுற்றிய காலோடு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கீழ்க்கண்டத்து வயலுக்குப் போய்விட்டார்.

இன்ஸாப் அங்கேயே நின்றிருக்கலாம். திரும்பிப் போயும் இருக்கலாம். அவன் இன்னொரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் போனான். ஒரு மணித்தியாலம் இருவரும் பக்கத்துப் பக்கத்து வரம்புகளில் வக்கடை வெட்டினார்கள்.  இன்ஸாப்புக்கு வயல் வேலை வராது. அவன் வெட்டிய வக்கடை கோணலாகப் போனது. றஸாக் வந்து அதைத் திருத்திவிட்டுத் திரும்பினார்.

நான்காவது வக்கடையில் அவர் கேட்டார். "அது போடாம ஓடினா?"

"ஓட விடமாட்டாங்க."

"விட்டா?"

"விழுந்தா கால் முறியும்."

"போட்டா?"

இன்ஸாப் யோசித்துத்தான் பதில் சொன்னான். "முறியிறது குறையும். முறியாது எண்டு சொல்லமாட்டன். இனி உங்களுக்கு ஒண்டும் கூட்டிச் சொல்லமாட்டன்."

றஸாக் மண்வெட்டியை ஊன்றி நின்றார். கீழ்க்கண்டத்தில் தண்ணீர் இறங்கி, நெல்லின் தாள் தெரியத் தொடங்கியிருந்தது.

"ஒலுவில்ல சனம் வருமா?"

"மருதமுனையில இருந்து ரெண்டு பஸ் வருதாம். நான் ஓடுறத எங்கட ஆக்கள் ஆருமே கண்டதில்ல மாமா."

றஸாக் மண்வெட்டியைத் தூக்கித் தோளில் போட்டார். பிறகு, சந்தையில் பேரம் முடிப்பவர் போல, ஒரே மூச்சில் சொன்னார்.

"அந்தச் சொல்லு நீங்க எனக்குத் தந்தது. நான்தான் வைச்சிருக்கன். ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் உங்களுக்கிட்டத் திருப்பித் தாறன். திங்கக்கிழமை வெள்ளனயே வாங்கிருவன். அதுக்குப் பொறகு கேக்கக் கூடா."

 ஓம் மாமா என்றான் இன்ஸாப். 

"ஆனா ஒண்டு. நான் ஆருக்கும் பொய் சொல்லமாட்டன். சுபைறாக்கும் பொய் சொல்லமாட்டன்."

"ஓம்."

"இனி நீங்க போடுங்க அத. எனக்கு ஏலா. ஆட்டுக் கொம்புக்குள்ள காலை விட்டமாதிரி இரிக்கி."

இன்ஸாப் சப்பாத்தைப் போட்டான். எட்டுக் கொளுக்கியையும் பூட்டினான். வலது கால் ஓரளவு மடிந்தது, இடது கால் இன்னும் பலகை. வரம்பில் நடக்கத் தொடங்கினான். காலையில் சிரித்த அதே ஆட்கள் மறுபடி வந்து கூடினார்கள். சப்பாத்து ஏன் கால் மாறியது என்று ஒருவர் கேட்டார்; பழக்குகிறார்கள் என்றார் ஸஹீத், எல்லாம் தெரிந்தவர் போல.

றஸாக் வரம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, ஏறு, இறங்கு, குந்து என்று வரிசையாகக் கட்டளை போட்டார். காலையில் தனக்குக் கிடைத்ததையெல்லாம் ஒன்றும் குறையாமல் திருப்பிக் கொடுத்தார். குந்தும்போது இன்ஸாப் நிலைதவறி வாய்க்காலுக்குள் ஒரு கால் விட்டதைப் பார்த்து, அன்றைய நாளில் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார்.

அவன் நுஸ்ஹாவுக்கு, சொல்லிட்டன், என்று ஒரே சொல்லில் செய்தி அனுப்பினான். உடனே பதில் வந்தது. 'உம்மாக்கு?'

அவன் அதற்கு என்ன எழுதுவது என்று நின்றபோது றஸாக்கின் போன் அடித்தது. சுபைறா. காலையிலிருந்து அவர் சும்மா இருக்கவில்லை. தெருவில் நான்கு வீட்டுக்கு மருமகனின் புகழைச் சொன்னது போதாமல், மருதமுனைக்குப் போன் எடுத்து, இப்படியொரு பிள்ளையைப் பெற்றதற்காகச் சம்பந்தி ஸுலைஹாவுக்கு நன்றியும் சொல்லியிருந்தார். இரண்டு பேரும் போனிலேயே அழுதார்களாம். சம்பந்தி வீட்டார் எல்லோரையும் ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு அழைத்தாகிவிட்டது. ஆட்டிறைச்சிக்கும் சொல்லியாகிவிட்டது.

"ஞாயிறா?" என்றார் றஸாக்.

வரம்பில் நடந்துகொண்டிருந்த இன்ஸாப் நின்றான்.

"ஞாயிறு பகலைக்கு நானும் மருமகனும் நிக்கமாட்டம் சுபைறா. ஒலுவில்ல ஒரு வேலை கெடக்கு."

போனிலிருந்து வந்த கேள்வி அடுத்த வரம்பு வரைக்கும் கேட்டது. றஸாக் போனைக் காதிலிருந்து எடுத்தார்.  பிறகு எழும்பி, நொண்டிக்கொண்டே வந்து, அதை மருமகனின் கையில் வைத்தார்.

"உங்கட மாமி கேக்கா" என்றார். "ஒலுவில்ல அப்படி என்ன வேலையாம்."

போட்டிருந்த சப்பாத்தோடு இன்ஸாப் வரம்பில் உட்கார்ந்தான். மாமனார் விலகிப் போவார் என்று நினைத்தான். அவர் போகவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

"மாமி" என்றான் இன்ஸாப். "நான் ஒரு உண்மை சொல்லணும்."